முப்பது வெள்ளி ரெஸ்கியூ கத்தி வாங்கலாமா? கேள்வி பதில்

நம்ம மலேசியாவுல பாசார் மாலாம்ங்கிற ராத்திரிச் சந்தையிலயும் ஷாப்பி ஆன்லைன் கடையிலயும் எங்க பார்த்தாலும் இப்ப ‘ரெஸ்கியூ’ மடக்குக் கத்திதான். விரிச்சா பாதி வெட்டுவாய், பாதி ரம்பப் பல். பிடியில சீட் பெல்ட் அறுக்குற கொக்கி, அடியில கண்ணாடி உடைக்கிற முனை. விலை இருபது வெள்ளியில (ரிங்கிட்) இருந்து நாப்பது வெள்ளி வரைக்கும் சொல்றாங்க. பெஸ்தாரி ஜெயா, நம்ம பெரியவங்க வாயில இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான், அதைச் சுத்தி உள்ள தோட்டத்து ஆளுங்க கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்றேன். நான் தோட்டத்து வொர்க்‌ஷாப்புல ஃபிட்டரா இருந்தவன், பொம்பா சுக்காரேலாங்கிற தன்னார்வத் தீயணைப்புப் படையிலயும் இருந்தவன். கத்தி விக்கிறவன் இல்ல.

புக்கிட் ரோத்தான், லோரி ஓட்டுநர்: அண்ணே, சுத்தி வளைக்காம சொல்லுங்க. வாங்கலாமா, வேணாமா?

உர மூட்டை பிரிக்க, நைலான் கயிறு அறுக்க, மத்தியானம் மாங்கா வெட்ட ஒரு கத்தி வேணும்னா தாராளமா வாங்குங்க. ஆக்சிடென்ட்ல உயிரைக் காப்பாத்தும்னு நினைச்சு வாங்குறதா இருந்தா வேணாம். அதே காசுக்கு ஸ்பிரிங் வச்ச கண்ணாடி உடைப்பானும் பெல்ட் கொக்கியும் ஒண்ணா சேர்ந்த சாவிக்கொத்து சாமான் கிடைக்குது. அது சின்னது, கூர்முனை கிடையாது.

மலிவுக் கத்தியில வெட்டுவாய் சுமாரா இருக்கும். கொக்கி நல்லா அமையுறது உங்க அதிர்ஷ்டம். அடியில இருக்குற முனை பெரும்பாலும் அலங்காரம்தான். அது போக, காடி (கார்) கவுந்து தலைகீழா தொங்கும்போது, நடுங்குற கையில, பக்கத்து சீட்டுல பிள்ளையை வச்சுக்கிட்டு ஒரு கூர்முனையை விரிக்கிறது எனக்குச் சரியாப் படல.

கோலா சிலாங்கூர், ஹார்ட்வேர் கடைப் பையன்: பெட்டியில ‘440 ஸ்டீல்’னு போட்டிருக்கு. சிலதுல 3சிஆர்13, சிலதுல 8சிஆர்13எம்ஓவி. எது நல்லது அண்ணே?

சீனா இரும்புப் பேரைப் படிக்கிறது சுலபம் தம்பி. முதல் எண் கார்பன், அடுத்தது குரோமியம். 3சிஆர்13-ல கார்பன் சுமார் 0.3 சதவீதம், குரோமியம் 13 சதவீதம். துரு அவ்வளவா பிடிக்காது, தீட்டவும் சுலபம், ஆனா ரெண்டு மூட்டைக் கயிறு அறுத்ததுமே வெட்டுவாய் மழுங்கிடும். 8சிஆர்13எம்ஓவி-ல கார்பன் 0.8. ஒழுங்கா சூடேத்தி பதம் பார்த்திருந்தா ராக்வெல்ங்கிற கடினத்தன்மை அளவுல 57, 58 கிட்ட நிக்கும். தோட்ட வேலைக்கு இதுதான் என் சாய்ஸ்.

440-ல ஏ, பி, சின்னு மூணு வகை இருக்கு. சி-ல கார்பன் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும், ஏ-ல அதைவிட ரொம்பக் குறைவு. எழுத்துப் போடாம வெறும் 440னு இருந்தா மட்டமான வகைன்னே வச்சுக்குங்க. சி வகையா இருந்தா அவனே பெருசா எழுதி இருப்பான். டி2-ன்னும் ஒண்ணு வருது. கூர் நல்லா நிக்கும், ஆனா நம்ம வேர்வைக்கும் மழைக்கும் எண்ணெய் போடாம விட்டா புள்ளிப் புள்ளியா துரு ஏறிடும்.

ஆனா சீட் பெல்ட்டை அறுக்கப் போறது ஒரே ஒரு தடவை. அதுக்கு இரும்பு என்ன வகைங்கிறது பெரிய விஷயமே இல்ல. கடையில இருந்து வரும்போதே வெட்டுவாய் ஒழுங்கா தீட்டி இருக்காங்கிறதுதான் கேள்வி. மலிவுக் கத்தியில பாதிப் பிரச்சனை அங்கதான். பிளேடுல மண்டை ஓடும் ‘போலிஸ்’ங்கிற எழுத்தும் அடிக்கச் செலவு பண்ணவன் தீட்டுறதுல காசை மிச்சம் பிடிச்சிருப்பான்.

ஈஜோக், கிராணி வேலை பார்க்கும் அக்கா: நான் வாங்கிட்டேன் ஐயா. கொக்கி அறுக்குமான்னு வீட்டுலயே பார்க்க முடியுமா?

முடியும்மா. காடியைப் பிரிச்சு விக்கிற கேடாய் போத்தோங்ல பழைய காடியில இருந்து கழட்டின சீட் பெல்ட் ஒரு துண்டு கேளுங்க, சும்மாவே கொடுப்பாங்க. ஒரு முனையை கேட்டுல கட்டி, மறு முனையை யாரையாவது இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்க. பெல்ட் விறைப்பா இருக்கணும். தொளதொளன்னு இருந்தா உலகத்துலயே நல்ல கொக்கிகூட அறுக்காது. பெல்ட் அஞ்சு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலம். கொக்கியை ஓரத்துல மாட்டி, நேரா இழுக்காம கொஞ்சம் சாய்ச்சு ஒரே இழுப்பா இழுங்க.

நல்ல கொக்கின்னா ‘சர்’ருன்னு ஓடும். மட்டமான கொக்கியில என்ன நடக்குதுன்னு பாருங்க: முதல் ஒரு விரலகலம் அறுக்கும், அப்புறம் பெல்ட் மடிஞ்சு சுருண்டு கொக்கி வாயில அடைச்சுக்கும். எவ்வளவு பலமா இழுத்தாலும் கத்தியோட சேர்ந்து பெல்ட்டும் உங்க பக்கமே வரும். வாய் ரொம்பக் குறுகலா இருக்கு, இல்லாட்டி உள்ள இருக்குற வெட்டுவாய் தீட்டவே இல்லன்னு அர்த்தம். தீட்டலாமேன்னு கேப்பீங்க. அந்தச் சந்துக்குள்ள சாணைக்கல் போகாது. கொக்கி தோத்துட்டா ரம்பப் பல்லால அறுத்துப் பாருங்க, பெரும்பாலும் அது அறுத்துடும். ஆனா ஆளு உடம்பை ஒட்டி இருக்குற பெல்ட்டுல ரம்பப் பல்லை ஓட்டணும்ங்கிறதையும் யோசிச்சுக்குங்க.

நிஜத்துல அறுக்க வேண்டி வந்தா முதல்ல பக்கிள் பொத்தானை அழுத்துங்க. பல நேரம் அதுவே திறக்கும். திறக்கலன்னா தோள் பக்கம் ஒரு வெட்டு, இடுப்பு பக்கம் ஒரு வெட்டு. காடி கவுந்து ஆள் தொங்குறாருன்னா, அறுத்ததும் தலை கீழ போய் இடிக்கும். ஒருத்தர் தோளையும் தலையையும் தாங்கிக்கிட்ட பிறகு அறுங்க. தீ இல்ல, தண்ணி இல்ல, மூச்சு விடுறாருன்னா தொடாதீங்க. 999 அடிச்சுட்டு பொம்பா வரட்டும்.

பெஸ்தாரி ஜெயா, மைவி வச்சிருக்கும் தம்பி: அண்ணே, கண்ணாடி முனையை வச்சு குத்தினா உடையும்னு வீடியோவுல காட்டுறாங்களே?

எந்தக் கண்ணாடின்னு அந்த வீடியோவுல சொன்னாங்களா தம்பி? காடியில ரெண்டு வகை இருக்கு. முன்பக்கம் விண்ட்ஷீல்டு லேமினேட்டட், அதாவது ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் ஒட்டினது. அதைக் குத்தினா சிலந்தி வலை மாதிரி கீறல் விழும், வழி கிடைக்காது. பக்கக் கண்ணாடியும் பின் கண்ணாடியும் பெரும்பாலும் டெம்பர்ட். அது ஒரு புள்ளியில உடைஞ்சா முழுசா பொடிப் பொடியா உதிரும். ஆனா புது மாடல் சிலதுல சத்தம் குறையணும், ஆள் வெளிய தூக்கி எறியப்படக் கூடாதுன்னு பக்கக் கண்ணாடியையும் லேமினேட்டடா போடுறாங்க. அமெரிக்காவுல ஏஏஏங்கிற மோட்டார் சங்கம் 2019-ல ஆறு கருவிகளை சோதிச்சுப் பார்த்தாங்க. நாலு கருவி டெம்பர்ட் கண்ணாடியை உடைச்சது. லேமினேட்டட் கண்ணாடியை ஒண்ணுகூட உடைக்கல. சுத்தியல் மாதிரி அடிக்கிறதைவிட ஸ்பிரிங் வகை நல்லா வேலை செஞ்சுதுன்னும் கண்டாங்க.

உங்க காடியில எந்தக் கண்ணாடின்னு இன்னைக்கே பாருங்க. மூலையில பொடி எழுத்துல போட்டிருக்கும். எந்தக் கதவுல டெம்பர்ட் இருக்கோ அதுதான் உங்க வழி, வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைங்க.

கத்தி முனைக்கு வர்றேன். நல்ல முனை பெரும்பாலும் டங்ஸ்டன் கார்பைடு, அரத்தால தேய்ச்சா அரம் வழுக்கும், கீறல் விழாது. மலிவுக் கத்தியில பாதி நேரம் பிடியோட சேர்த்து வார்த்த அலுமினியக் கூம்புதான் இருக்கும். அரம் பட்டதும் வெள்ளையா கீறிக்கும். அதை வச்சு கண்ணாடியில அடிச்சா முனைதான் மழுங்கும். அடிக்கிறதும் நடுவுல அடிக்கக் கூடாது, கீழ் மூலையில அடிக்கணும். நடுப்பகுதி வளைஞ்சு கொடுக்கும்.

நம்ம ஊர்ல இன்னொண்ணு இருக்கு, டின்டட், கண்ணாடியில ஒட்டுற கறுப்புத் தாள். நம்ம வெயிலுக்கு ஒட்டாத காடியே கிடையாது. கண்ணாடி பொடியானாலும் அந்தத் தாள் எல்லாத்தையும் ஒரே போர்வையா பிடிச்சு வச்சிருக்கும். உடையலன்னு பயந்து திரும்பத் திரும்ப அடிக்காதீங்க. காலால ஓரத்துல வெளிப்பக்கமா தள்ளுங்க, மொத்தமா மடிஞ்சு விழும்.

தாமான் (குடியிருப்பு) ஒண்ணுல இருந்து ஒரு அம்மா: சிலாங்கூர் ஆறு ஏறினா எங்க ரோட்ல தண்ணி வந்துடும். காடி தண்ணியில சிக்கிட்டா இந்தக் கத்தி உதவுமா?

2021 டிசம்பர் வெள்ளத்துல ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவுல என்ன நடந்துச்சுன்னு நம்ம எல்லாரும் பார்த்தோம், அதனால உங்க பயம் நியாயமானதுதான்மா. ஆனா இதுல கத்தி கடைசி ஆயுதம். தண்ணியில விழுந்த காடி உடனே மூழ்காது, கொஞ்ச நேரம் மிதக்கும். அந்த ஒரு நிமிஷம்தான் உங்க நேரம். கனடாவுல கீஸ்பிரெக்ட்னு ஒரு பேராசிரியர் காடிகளைத் தண்ணியில இறக்கி இதையே வருஷக்கணக்கா ஆராய்ஞ்சவர். அவர் சொல்ற வரிசை: பெல்ட்டைக் கழட்டு, ஜன்னலை இறக்கு, பிள்ளைங்களை வெளிய தள்ளு, பெரிய பிள்ளையை முதல்ல, அப்புறம் நீ. போன் எடுத்து யாருக்கும் அடிக்காதீங்க. கதவையும் திறக்கப் பார்க்காதீங்க, வெளிய இருக்குற தண்ணி அழுத்தும். திறந்துட்டா காடி இன்னும் சீக்கிரம் மூழ்கும்.

பவர் விண்டோ தண்ணி பட்டதுமே செத்துடாது, பொத்தானை உடனே அழுத்துங்க. இறங்கலன்னா அப்பதான் உடைப்பான். தண்ணிக்குள்ள கையை ஓங்கி அடிக்க முடியாது, வேகமே வராது. அதனாலதான் மறுபடியும் ஸ்பிரிங் வகையைச் சொல்றேன், அதைக் கண்ணாடியில வச்சு அழுத்தினா போதும்.

சின்னப் பிள்ளைங்களுக்கு 2020-ல இருந்து தனி சீட் கட்டாயம் ஆச்சே, அந்த பக்கிளை இருட்டுல, ஒத்தைக் கையில கழட்டிப் பழகி வைங்க. உங்க வீட்டுக்கு அது கத்தியைவிட முக்கியம்.

செம்பனை வெட்டுற ஒரு மாமா: எங்க தோட்டத்துல மோட்டார் சைக்கிள்தான் ஓடுது. சீட் பெல்ட் எங்க இருக்கு? எங்களுக்கு என்ன பிரயோஜனம்?

சரியான கேள்வி மாமா. நம்ம பக்கத்துல அடிபடுறவங்க பெரும்பாலும் மோட்டார்ல போறவங்கதான். அங்க கத்தியே வேணாம், கத்திரிக்கோல் வாங்குங்க. ஆஸ்பத்திரி அட்டெண்டன்ட் வச்சிருப்பாங்களே, நுனி வளைஞ்சு மொட்டையா இருக்கும், அது. ஜீன்ஸ், மழைக்கோட்டு, ஹெல்மெட் வார் எல்லாத்தையும் உடம்பைக் கிழிக்காம வெட்டும். விலையும் கம்மி.

துப்பட்டா மோட்டார் சங்கிலியில மாட்டுறது நம்ம பொண்ணுங்களுக்கு அடிக்கடி நடக்குற விஷயம். கழுத்தை இறுக்கி இருக்கும்போது அங்க கூர்முனையைக் கொண்டு போகவே கூடாது. மொட்டை நுனியை துணிக்கும் தோலுக்கும் நடுவுல நுழைச்சு வெட்டுங்க. ஹெல்மெட் மாட்டி இருக்குறவர் மூச்சு விட்டுக்கிட்டு இருந்தா ஹெல்மெட்டைக் கழட்டாதீங்க, கழுத்தெலும்பு போயிருக்கலாம்.

படிவம் ஐந்து மாணவர்: அங்கிள், இதைப் பையில வச்சுக்கிட்டு சுத்தலாமா?

கூடாது தம்பி. பள்ளிக்கூடத்துக்கு நினைச்சுகூடப் பார்க்காதே. 1958-ஆம் வருஷ ஆயுதச் சட்டம் ஒண்ணு இருக்கு, அரிக்கும் பொருள், வெடிக்கும் பொருள், ஆபத்தான ஆயுதம் மூணுக்கும் சேர்த்து போட்டது. தகுந்த காரணம் இல்லாம பொது இடத்துல ஆபத்தான ஆயுதம் வச்சிருந்தா குறைஞ்சது அஞ்சு வருஷம், கூடுனா பத்து வருஷம் ஜெயில், ரோத்தான் (பிரம்பு) அடியும் உண்டு. பொத்தானை அழுத்தினா தானா விரியுற கத்தியை விக்கிறதே அந்தச் சட்டத்துல குத்தம். பாசார் மாலாம்ல அதையும் ‘ரெஸ்கியூ’ன்னு விக்கிறான், கை வைக்காதே.

வேலைக்கார ஆளுங்களுக்கும் சொல்றேன். தோட்டத்துல வேலை நேரத்துல இடுப்புல இருக்குறது வேற, ராத்திரி கல்யாண மண்டபத்துல பாக்கெட்ல இருக்குறது வேற. ரோட் புளோக்ல போலிஸ்கிட்ட ‘ரெஸ்கியூக்கு வச்சிருக்கேன் டத்தோ’ன்னு விளக்கம் சொல்லிக்கிட்டு நிக்க வேண்டி வரும். வெட்டுவாய் உள்ள மறைஞ்சிருக்குற பெல்ட் கொக்கிக்கு அந்தத் தலைவலி குறைவு. நான் வக்கீல் இல்ல, சந்தேகம்னா வக்கீலைக் கேளுங்க.

சுங்கை திங்கி, உரம் போடும் வேலை: வேலைக்குன்னே வாங்கப் போறேன் அண்ணே. கடையில கையில எடுத்ததும் என்ன பார்க்கணும்?

லாக்கைப் பாருங்க, மத்தது பிறகு. மலிவுக் கத்தி பெரும்பாலும் லைனர் லாக், உள்ள ஒரு மெல்லிசுத் தகடு பக்கவாட்டுல வந்து பிளேடைத் தாங்கும். விரிச்சு வச்சு, அந்தத் தகடு பிளேடு அடியில எவ்வளவு தூரம் ஏறி நிக்குதுன்னு பாருங்க. ஓரத்துல நகக்கணு அளவு மட்டும் தொட்டுக்கிட்டு இருந்தா வச்சுட்டு வந்துடுங்க. அப்புறம் விரல் எதுவும் பிளேடு வழியில இல்லாம பிடிச்சு, பிளேடோட முதுகை ஒரு மரக்கட்டையில லேசா தட்டுங்க. மடங்கினா வேணாம். பிளேடை இடது வலதா ஆட்டிப் பாருங்க, கொஞ்சம் ஆடினா திருகாணியை முறுக்கிச் சரி பண்ணலாம், முறுக்கியும் ஆடினா முடியாது.

குத்துற வேலை, நெம்புற வேலை எதுக்கும் மடக்குக் கத்தி வேணாம். அதுக்குத்தான் பாராங் (பெரிய வெட்டுக்கத்தி) இருக்கு.

அதே தம்பி, மைவிக்காரர்: விக்டோரிநாக்ஸ்ல ஒரு ரெஸ்கியூ டூல் இருக்காமே?

இருக்கு, நல்ல சாமான். லேமினேட்டட் கண்ணாடியை அறுக்குறதுக்குன்னே அதுல ஒரு ரம்பம் வச்சிருக்கான், பிடியும் இருட்டுல ஒளிரும். ஆனா விலை உங்க முப்பது வெள்ளியோட பல மடங்கு. ஆம்புலன்ஸ் ஓட்டுறவங்களுக்குச் சரி.

ஈஜோக் அக்கா, மறுபடியும்: சரி, அந்த சாவிக்கொத்து வகையே வாங்கிக்கிறேன். எங்க வைக்கிறது?

டேஷ்போர்டு பெட்டியில வைக்காதீங்க, மோதினா அது திறக்காமப் போகலாம். கதவு இடுக்குலயும் வேணாம், காடி உருண்டா எங்கேயோ போய் விழும். பெல்ட் கட்டி உட்கார்ந்த நிலையில, கண்ணை மூடிக்கிட்டு, ரெண்டு கையாலயும் எட்டுற இடம் எதுன்னு பாருங்க. பெரும்பாலும் கியர் பக்கத்து மேடைதான் அமையும். அங்க வெல்க்ரோ போட்டு ஒட்டுங்க. சாவியோட தொங்கவிட்டா அவசரத்துல சாவியைத் திருகி எடுக்கணும். பட்டன் ஸ்டார்ட் காடின்னா சாவி உங்க ஹேண்ட்பேக்குல இருக்கும், ஹேண்ட்பேக் பின் சீட்டுல இருக்கும்.