மெல்பர்னிலிருந்து பிலிப் தீவின் பென்குயின் கடற்கரைக்குச் சுற்றுலாப் பேருந்தில் போகலாமா, சொந்தக் காரில் போவது நல்லதா?

ஜனவரியில் பெற்றோர் மெல்பர்னுக்கு வருகிறார்கள், அம்மாவுக்கு மூட்டுவலி இருக்கிறது, வழிகாட்டியோடு செல்லும் ஒருநாள் பேருந்துப் பயணம் அவர்களுக்குச் சரிப்படுமா, அல்லது நாமே காரில் அழைத்துப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அந்தத் தீவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை ஒரு ஜூலை மாதத்தில், மருமகன் ஓட்டிய காரில், மகளும் பேரனும் உடன்வரப் போனது. இரண்டாம் முறை ஜனவரியில், நானும் என் கணவரும் மட்டும், நகரின் நடுவிலிருந்து கிளம்பும் சுற்றுலாப் பேருந்தில் போனது. இரண்டையும் பார்த்தவள் என்ற முறையில், ஜனவரி என்றால் பேருந்துதான் என்று தயங்காமல் சொல்வேன்.

முதல் காரணம் இருட்டு. பென்குயின்கள் சூரியன் மறைந்த பிறகுதான் கரையேறும். ஜூலையில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுவதால், பார்த்து முடித்து ஒன்பது மணிக்குள் வீட்டுக்கு வந்து ரசமும் சோறும் சாப்பிட்டோம். ஜனவரியில் சூரியன் மறையவே எட்டே முக்கால் ஆகிவிடுகிறது. பறவைகள் கரைக்கு வந்து, நாம் பார்த்து, கூட்டத்தோடு வெளியேறுவதற்குள் பத்தைத் தாண்டிவிடும். அதற்குமேல் ஏறக்குறைய 140 கிலோமீட்டர், இரண்டு மணி நேரப் பயணம். தீவுச் சாலையில் வாலபி எனப்படும் சிறு கங்காருகள் திடீரென்று குறுக்கே பாயும். நாள் முழுவதும் அலைந்த மகனோ மருமகனோ நள்ளிரவில் அந்தச் சாலையில் ஓட்டிக்கொண்டிருக்க, பின்னால் உட்கார்ந்து நாம் கந்தசஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

தீவு என்றதும் படகில் ஏற வேண்டுமோ என்று உங்கள் அம்மா பயப்படக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் பயந்தேன். சான் ரெமோ என்ற மீனவ ஊரிலிருந்து எதிர்க்கரையின் நியூஹேவன் வரை 640 மீட்டர் நீளத்தில் 1969ஆம் ஆண்டிலிருந்து கான்கிரீட் பாலம் இருக்கிறது. பேருந்து அதன்மீதே போய்விடும், பாம்பன் பாலத்தைக் கடந்தவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியமானது. காரில் போனபோது நான் பார்த்தது, குளிரில் நடுங்கிக்கொண்டு, இருட்டில் தத்தித் தத்தி நடந்த சில சின்னப் பறவைகளை மட்டுமே. இதற்கா இவ்வளவு பணம் என்றுகூட மனதுக்குள் நினைத்தேன். பேருந்தில் போனபோது, ஓட்டுநரே வழிகாட்டியாகவும் இருந்தார். காதருகே பொருத்திய சிறு மைக்கில் பேசிக்கொண்டே ஓட்டினார். தீவின் மேற்கு முனையை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்து, இரு பக்கமும் புல்லும் புதருமாகக் கிடந்த வெற்று நிலத்தைக் காட்டி, “இங்கே தெருக்கள் இருந்தன, வீடுகள் இருந்தன” என்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அது புரிந்தது, ஆனால் நம்ப முடியவில்லை. அங்கே ஓர் ஓடு, ஒரு சுவரடி, ஒரு கிணற்றுமேடு கூட இல்லை.

அவர் சொன்னதன் சுருக்கம் இது. அந்த முனைக்குச் சம்மர்லேண்ட் என்று பெயர். 1920களிலேயே உள்ளூர்க்காரர்கள் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு வெளியூர்க்காரர்களை அழைத்துப் போய்ப் பென்குயின் காட்டத் தொடங்கியிருக்கிறார்கள். அதே காலத்தில் அங்கே மனைகளும் பிரித்து விற்கப்பட்டிருக்கின்றன. விடுமுறை வீடுகள் பெருகின. வீடுகளோடு கார்கள் வந்தன, நாய்கள் வந்தன. நரிகள் முன்பே வந்திருந்தன. ஒரு காலத்தில் தீவில் பத்து இடங்களில் இருந்த பென்குயின் குடியிருப்புகள் ஒவ்வொன்றாக அழிந்து, 1980களில் எஞ்சியது இந்த ஒன்றுதான். இதுவும் சில ஆண்டுகளில் போய்விடும் என்று ஆராய்ச்சியாளர்கள் எச்சரித்ததால், 1985இல் விக்டோரியா மாநில அரசு, சம்மர்லேண்டில் உள்ள மனைகளையும் வீடுகளையும் ஒவ்வொன்றாகத் தானே விலைக்கு வாங்கி, இடித்து, நிலத்தை மீண்டும் பறவைகளுக்கே விட்டுவிடுவது என்று முடிவெடுத்தது. அது முடிய 2010 ஆயிற்று. நம் ஊரில் அணைக்கும் விமான நிலையத்துக்கும் ஊரைக் காலி செய்யச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஒரு கிலோ எடையுள்ள பறவைக்காக ஒரு குடியிருப்பையே காலி செய்ததை நான் அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன். வீட்டைக் கொடுத்தவர்களில் மனம் வருந்தியவர்களும் இருந்தார்களாம். அவர் அதையும் மறைக்காமல் சொன்னார்.

நரிகளின் கதை தனி. நூறாண்டுக்கும் மேலாகத் தீவில் திரிந்து ஒரே இரவில் பல பறவைகளைக் கொன்றுபோட்ட நரிகளைப் பல ஆண்டுகள் தேடித் தேடி ஒழித்து, 2017இல்தான் நரியற்ற தீவு என்று அறிவித்திருக்கிறார்கள். 1996இல் அமைக்கப்பட்ட பிலிப் தீவு இயற்கைப் பூங்கா என்ற இலாப நோக்கமற்ற அமைப்பு இதையெல்லாம் நடத்துகிறது. நாம் வாங்கும் டிக்கெட் பணம் இந்த வேலைகளுக்கும் ஆராய்ச்சிக்கும் போகிறது. பறவைகள் வழக்கமாக நடக்கும் பாதையில் எடைமேடை ஒன்றைப் புதைத்து வைத்திருக்கிறார்களாம். பறவை தன்பாட்டில் அதன்மேல் நடந்து போகும்போதே அதன் எடை பதிவாகிவிடுகிறது. அன்று கடலில் அதற்கு எவ்வளவு இரை கிடைத்தது என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.

பேருந்துப் பயணத்தில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். வழியில் கோலா காப்பகத்தில் நிறுத்தினார்கள். மரத்தின் பாதி உயரத்தில் பலகைப் பாதை போட்டிருப்பதால் கழுத்தை வளைக்காமலேயே கோலாக்களைப் பார்க்க முடிந்தது. ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை அது தூங்கும் என்றதும் என் கணவர் அதை மிகுந்த மரியாதையோடு பார்த்தார். அதற்குப் பிறகு ஓர் இனிப்புக் கடையில் முக்கால் மணி நேரம் நிறுத்தியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நேரத்தைத் தின்றுவிட்டு, நாபீஸ் என்ற பாறை முனையில் இருபது நிமிடம்தான் கொடுத்தார்கள். அங்கே கடலைப் பார்த்த சரிவுகளில் மரப்பலகை நடைபாதை வளைந்து வளைந்து போகிறது. தூரத்துப் பாறைத் தீவுகளில் கடல்நாய்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன என்றாலும் வெறுங்கண்ணுக்கு அவை தெரியாது. பதிவு செய்யும்போதே எந்த இடத்தில் எவ்வளவு நேரம் என்று கேட்டு, கடைகள் குறைவாக உள்ள பயணத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இனி கடற்கரை. வரவேற்பு மையத்திலிருந்து கடற்கரைவரை பலகைப் பாதையில் நடக்க வேண்டும். படிகள் இல்லாமல் சக்கர நாற்காலி போகும்படி அமைத்திருப்பதால் உங்கள் அம்மா மெதுவாக நடந்தே போய்விடலாம். ஆனால் கைப்பேசி, கேமரா எதுவும் அங்கே பயன்படுத்தக் கூடாது. வெளிச்சம் பட்டால் பறவைகள் மிரண்டு கடலுக்கே திரும்பிவிடும் என்பதால் இந்தத் தடை. எங்களுக்கு முன்வரிசையில் ஒருவர் சால்வைக்குள் மறைத்துக் கைப்பேசியை எடுத்தார்; அடுத்த நொடியே காவலர் வந்து தோளைத் தொட்டார். வீட்டில் காட்டப் படம் வேண்டுமென்றால் பூங்காவின் இணையதளத்திலேயே கிடைக்கும், அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

நகரில் அன்று பகலில் வியர்த்து ஊற்றியது. அந்தக் கல் இருக்கையில் உட்கார்ந்த அரை மணியில் கை விரைத்துவிட்டது, ஏனென்றால் எதிரே இருப்பது பாஸ் நீரிணை. அங்கிருந்து வரும் காற்றுக்குக் கோடை, குளிர் என்ற பேதம் கிடையாது. கம்பளிக் குல்லாய், ஸ்வெட்டர், கீழே போட்டு உட்கார ஒரு தடித்த போர்வை ஆகியவை கட்டாயம் வேண்டும்.

ஒன்பது மணியை ஒட்டி, அலை வடிந்த ஈர மணலில் ஏழெட்டுக் கரும்புள்ளிகள் தெரிந்தன. நின்றன. மேலே ஒரு கடற்காகம் பறந்ததும் அத்தனையும் ஒன்றாகத் திரும்பி நீருக்குள் பாய்ந்தன. மறுபடி வந்தன, மறுபடி ஓடின. மூன்றாம் முறை கூட்டம் இருபதாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் துணிவு வந்து, வரப்பில் தலைச்சுமையோடு போகிறவர்களைப்போல ஒன்றன்பின் ஒன்றாக, முன்னால் குனிந்தபடி, வெட்டவெளி மணலை அவசர அவசரமாகக் கடந்தன. ஒரு முழத்துக்கும் குறைவான உயரம், முப்பத்து மூன்று சென்டிமீட்டர்தான். முதுகு கறுப்பு என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் வந்தபோது விளக்கொளியில் அது கருநீலம். இப்படிக் கரையேறுகிறவற்றைக் காவலர்கள் ஒவ்வொரு மாலையும் எண்ணிக் குறித்துக்கொள்கிறார்கள். 2022 மே மாதத்தில் ஒரே மாலையில் ஐயாயிரத்துக்கும் மேல் வந்த நாளும் உண்டாம். நாங்கள் பார்த்தது அதில் ஒரு சிறு பங்குதான் என்றாலும் எனக்கு நிறைந்துவிட்டது.

இங்கே பேருந்தில் வருகிறவர்கள் செய்யும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். கடைசி நிமிடம்வரை இருக்கையிலேயே இருந்துவிட்டு, பேருந்துக்கு நேரமாயிற்று என்று பலகைப் பாதையில் ஓடுகிறார்கள். உண்மையில் அருகில் பார்க்கும் இடம் அந்தப் பாதைதான். கடற்கரையில் முதல் நாலைந்து கூட்டம் வந்ததும் எழுந்துவிடுங்கள். பாதையின் இரு பக்கமும் புதர்களில் வளைகள் இருக்கின்றன. கரையேறிய பறவைகள் நமக்குப் பக்கத்திலேயே, கைநீட்டும் தூரத்தில், தத்தம் வளைக்கு நடந்து போகும். வழிநெடுக ஒரே கூச்சல். நாயின் உறுமலும் கழுதையின் கத்தலும் கலந்த அந்தச் சத்தம் இவ்வளவு சின்ன உடம்பிலிருந்து எப்படி வருகிறது என்றிருக்கும். ஜனவரி என்பதால் குஞ்சுகளும் வளைவாசலில் காத்திருந்தன. கழுத்தில் மட்டும் இன்னும் பழுப்புத் தூவி உதிராத ஒரு குஞ்சு, ஏறக்குறையத் தாயளவு வளர்ந்திருந்தும், கரையேறி வந்த பெற்றோரை வாயைத் திறந்துகொண்டு விரட்டியது. பெரியது புல்லைச் சுற்றிச் சுற்றி ஓடியது. “சம்பளத் தேதியன்று வீட்டுக்குள் நுழைந்தாற்போல இருக்கிறது, பாரேன்” என்றார் என் கணவர். பென்குயின்ஸ் பிளஸ் என்ற பெயரில் கிட்டத்தில் அமர்ந்து பார்க்கக் கூடுதல் விலையில் வேறு டிக்கெட் உண்டு. நடக்க முடிந்தவர்களுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. உங்கள் அம்மாவால் பாதையில் அதிக நேரம் நிற்க முடியாது என்றால் மட்டும் அதை வாங்குங்கள், அதுவும் பேருந்துக்குப் பதிவு செய்யும்போதே, ஏனென்றால் பேருந்துக் கட்டணத்தில் பெரும்பாலும் சாதாரண இருக்கைதான் சேர்ந்திருக்கும்.

அங்குள்ள கடையில் பொம்மைப் பென்குயின்களுக்குக் கம்பளிச் சட்டை போட்டு வைத்திருப்பார்கள். அதை விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். கடலில் எண்ணெய் கசிந்து இறகில் ஒட்டிக்கொண்டால், பறவை அதை அலகால் கோதிக் கோதி விழுங்கிவிடும். குளிப்பாட்டிச் சுத்தம் செய்யும்வரை அப்படிக் கோதாமல் தடுக்கவும் உடம்புச் சூடு போகாமல் காக்கவும் இந்தச் சட்டை. 2001இல் தீவுக்கருகே நேர்ந்த எண்ணெய்க் கசிவில் சிக்கிய 438 பென்குயின்களில் 96 விழுக்காடு பிழைத்திருக்கின்றன. சட்டைகள் எல்லாம் எங்கெங்கோ இருக்கும் பாட்டிமார் பின்னி அனுப்பியவை என்று கேட்டதும், நானும் ஊருக்கு வந்து ஊசியை எடுத்தேன். கழுத்துப்பட்டை சரியாக அமையாமல் மூன்று முறை பிரித்தேன், இன்னும் முடிக்கவில்லை.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, சைவம் என்றால் அங்கே உருளைக்கிழங்கு வறுவலைத் தவிரப் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். புளிசாதமோ சப்பாத்திச் சுருளோ கட்டிக் கொடுத்துவிடுங்கள். ஏழு மணிக்கே வரவேற்பு மையத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவது நல்லது, இருட்டியபின் அதற்கு நேரமில்லை. பேருந்தில் கழிப்பறை இல்லை என்பதால், கிளம்புமுன் மையத்திலேயே போய்விட்டு ஏறச் சொல்லுங்கள். நாங்கள் நகருக்குத் திரும்பியபோது நள்ளிரவு ஆகியிருந்தது; இறக்கிவிடும் இடத்துக்கு நீங்கள் காரோடு வந்து நின்றால் போதும்.

ஒருவேளை காரிலேயே போவதென்று முடிவெடுத்தால், வண்டியை எடுக்குமுன் குனிந்து அடியில் பாருங்கள். வாகன நிறுத்தத்தில் அப்படியே எழுதியும் வைத்திருக்கிறார்கள். வளையைத் தேடிப் போகும் பறவை சில நேரம் சக்கரத்தடியில் ஒதுங்கிவிடும். எங்கள் ஓட்டுநர் நாற்பது பேரையும் குளிரில் வெளியே நிறுத்திவிட்டு, கைவிளக்கோடு பேருந்தை ஒரு முழுச் சுற்று வந்து, ஒவ்வொரு சக்கரத்தையும் பார்த்த பிறகுதான் கதவைத் திறந்தார்.