பர்னரைக் கழற்ற விடாதீர்கள்

கேள்வி: மதுரை கே.கே. நகரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். கொடைக்கானலில் உள்ள எங்கள் வீட்டில் வெந்நீருக்கும் அறைகளைச் சூடாக்கவும் 3 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்க்கு டீசல் பாய்லர் வாங்கினேன். மதுரைக் கடைக்காரர் கடையிலேயே ஓட்டிக் காட்டிவிட்டு, அப்படியே மேலே கொண்டுவந்து மாட்டினார். இரண்டாம் மாதத்திலிருந்து ராத்திரியில் நின்றுவிடுகிறது, ஓடினால் கரும்புகை. வாட்ச்மேன் ரீசெட் பட்டனை அழுத்தி அழுத்தி ஓட்டுகிறார். மூன்று தடவை எண்ணெயைத் தெளிக்கும் முனையை, அதாவது நாஸிலை, மாற்றினார்கள். இப்போது "உங்கள் டீசல் சரியில்லை" என்று கடைக்காரர் மரியாதையில்லாமல் பேசுகிறார். கைக்குழந்தையோடு மருமகள் பட்ட பாடு சொல்லி மாளாது. வாங்கி 20 மாதம் ஆகிறது. உள்ளூர் மெக்கானிக் பம்பையும் கண்ட்ரோல் பாக்ஸையும் மாற்றுகிறேன் என்கிறார். 10 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். அதற்கு முன்னால் அந்த மெக்கானிக்கை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஐயா.

கடைக்காரர் பேசிய பேச்சை விடுங்கள். "கடையிலேயே ஓட்டிக் காட்டிவிட்டு, அப்படியே மாட்டினார்" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் வழக்கு அதில்தான் இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி மதுரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இங்கே வைத்த காற்று அளவை அங்கே மாற்றாமல் விட்டால் எண்ணெய் முழுதாக எரியாது. கரி படியும், தீயைக் கண்காணிக்கும் போட்டோசெல் மறைந்தால், எண்ணெயை எரிக்கும் பாகமான பர்னர் லாக் ஆகி நிற்கும். இதை வல்லுநர் பார்த்து உறுதிசெய்தால் அது சேவைக் குறைபாடு. டீசல் கதை அப்புறம் எடுபடாது.

வல்லுநர் வந்து பார்ப்பதற்குப் பர்னர் இன்றைக்கு இருக்கிற நிலையில் இருக்க வேண்டும். திருமங்கலத்துக்காரர் ஒருவர் ஜெனரேட்டர் வழக்கோடு என்னிடம் வந்தார். நியாயம் முழுக்க அவர் பக்கம்தான். ஆனால் அவசரத்துக்கு வெளியாளை வைத்துப் பிரித்துச் சரிசெய்து, பழைய பாகங்களைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார். "எங்கள் பொருளில் குறையே இல்லை, கை வைத்தவர் கெடுத்தது" என்றது எதிர்த்தரப்பு. மறுக்க எங்களிடம் ஒரு நட்டுகூட இல்லை. அதே குழியில் நீங்களும் ஒரு காலை வைத்திருக்கிறீர்கள்.

ஆகவே சுவிட்சை அணைத்துவிடச் சொல்லுங்கள். தீப்பிடிக்காமல் ரீசெட்டை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் எரியாத எண்ணெய் உள்ளே சேர்கிறது. திடீரென்று பற்றினால் தீ வெடித்து வெளியே பாயும். கரும்புகை விடும் பாய்லரிலிருந்து கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரலாம், குழந்தை தூங்கும் வீடு அது. வழக்கைவிட எனக்கு அந்தக் கவலைதான் பெரிது.

பிறகு பர்னருக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஷட்டர் எந்த எண்ணில் நிற்கிறது என்பது தெரியும்படி போட்டோ எடுங்கள். டேங்க் அடியிலிருந்து டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, இரண்டு பேர் முன்னால் சீல் வையுங்கள். கழற்றிய நாஸில்கள் கிடைத்தால் தேதி எழுதி உறையில் போடுங்கள். சர்வீஸ் சீட்டுகளையும் பாருங்கள். "வேலை திருப்தி" என்ற இடத்துக்குக் கீழே வாட்ச்மேன் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று பயப்படுகிறேன். எதிர்த்தரப்பு முதலில் நீட்டும் காகிதம் அதுதான்.

நீங்கள் மதுரையில் வசிப்பதால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை; பரிசோதனைச் செலவை மட்டும் உங்களைக் கட்டச் சொல்லலாம். கெடு 2 ஆண்டு. முதல் கோளாறு வந்த நாளிலிருந்து எதிர்த்தரப்பு எண்ணும், அதனால் கையில் ஐந்தாறு மாதம்தான் இருக்கிறது. நோட்டீஸும் வாட்ஸ்அப்பும் அந்தக் கெடுவை நீட்டிக்காது.

10 லட்சத்தை மறந்துவிடுங்கள். மன உளைச்சலுக்கு அவ்வளவு தர மாட்டார்கள். கடைக்காரர் புகை அளக்கும் கருவியோடு மேலே வந்து, காற்றைச் சரியாக வைத்து, வாங்கிய சர்வீஸ் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தால் சமரசமாகப் போங்கள். ஆனால் அளந்த எண்களை எழுதி வாங்குங்கள், புது வாரண்டியும் சேர்த்து. "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்ற தாளில் மட்டும், ஒரு மார்கழி முழுக்க அது நிற்காமல் ஓடிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். அதுவரை பொறுக்க மாட்டேன் என்று அவர் சொன்னால், கெடு முடியும் முன் மனுவைப் போட்டுவிட்டு அங்கேயே சமரசம் பேசலாம்.