காரில் ஆயில் கசிகிறது: நானே பார்க்கவா, கராஜில் விடவா?

தேவிபட்டினத்திலிருந்து ஷார்ஜாவுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “பழைய ஜப்பான் கார் ஒன்று வாங்கினேன். நிறுத்துகிற இடத்தில் ஆயில் சொட்டுகிறது. ஊரில் அப்பாவோடு விசைப்படகு எஞ்சினையே பிரித்து மாட்டியிருக்கிறேன். இங்கே கராஜில் சொல்கிற கூலியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. நானே பார்த்துவிடலாமா அண்ணே?”

தம்பி, உன் கைவேலையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஊரில் உனக்கு மீன்பிடித் தடைக்காலம் இருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. எஞ்சினை இறக்கிப் போட்டு, சாமான் வாங்கி வந்து, ஆற அமர மாட்டலாம். இங்கே உன் கையில் இருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. திங்கள் காலை வண்டி ஓடியாக வேண்டும். அதனால் கசிகிற இடம் ஒரே நாளில் முடிகிற இடமா என்று பார்த்துத்தான் நீ முடிவெடுக்க வேண்டும்.

முதலில் அது எஞ்சின் ஆயில்தானா? ஷார்ஜா வெயிலில் ஏ.சி. தண்ணீர் சொட்டாத வண்டியே கிடையாது. ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வை. காலையில் பழுப்பாகவோ கறுப்பாகவோ கறை இருந்தால் எஞ்சின் ஆயில். சிவப்பு என்றால் பெரும்பாலும் ஆட்டோ கியர் ஆயில் அல்லது பவர் ஸ்டீயரிங் ஆயில்.

அப்புறம், சொட்டு விழுகிற இடத்தை நம்பாதே. எஞ்சினின் மேல் மூடியான டேப்பெட் கவருக்கு அடியில் இருக்கிற ரப்பர் பேக்கிங்கில் கசிகிற ஆயில் எஞ்சினின் பின்பக்கமாக வழிந்து, கியர்பாக்ஸ் சேருகிற இடத்தில் வந்து சொட்டும். அதைப் பார்த்து, கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயிலை அடைத்து நிற்கிற பின் சீல் போய்விட்டது என்று கியர்பாக்ஸை இறக்கினால் பணம்தான் போகும், கசிவு நிற்காது. டீகிரீசர் அடித்துச் சுத்தமாகத் துடை. இரண்டு நாள் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பார். ஈரத்தில் ஆக மேலே இருக்கிற புள்ளிதான் கசிகிற இடம்.

அது டேப்பெட் கவர் என்றால் தாராளமாக நீயே செய். எஞ்சின் நன்றாக ஆறட்டும். கழற்றியதும் பழைய பேக்கிங்கை எடுத்து வளைத்துப் பார்: ரப்பர் என்றே தெரியாது, சூட்டில் விறைத்துப்போய்ப் படக்கென்று ஒடியும். அதனால்தான் போல்ட்டை இன்னும் இறுக்கிப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. பேக்கிங் உட்காரும் இடத்தைத் துணியால் துடை. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழுந்து, புதுப் பேக்கிங்கும் கசியும். சிலிகான் பேஸ்டை அப்பாதே. பிதுங்குகிற துணுக்குகள் உள்ளே விழுந்து, அடியில் ஆயில் தேங்குகிற சம்பின் வடிகட்டியை அடைக்கும். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கு. பல வண்டிகளில் இவற்றுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவுதான் இறுக்கம். படகு எஞ்சினில் பழகிய கை இங்கே போல்ட்டை முறித்துவிடும், இறுக்கத்தை அளந்து முடுக்குகிற டார்க் ரெஞ்ச் ஒன்று இரவல் வாங்கிக்கொள். எஞ்சினுக்குள் சேருகிற வாயுவை வெளியே விடுகிற பி.சி.வி. வால்வையும் அன்றைக்கே பார்த்துவிடு. அது அடைத்திருந்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் கூடி மறுபடி கசியும்.

ஆயில் வடிக்கிற டிரெய்ன் போல்ட்டின் வாஷரும் ஆயில் ஃபில்டரும் இதைவிடச் சின்ன வேலை. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் தடவிப் பார். ஆனால் இதற்கு வண்டிக்கு அடியில் போக வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பிப் போகவே போகாதே. சமதளம் வேண்டும், வண்டியைத் தாங்குகிற ஸ்டாண்டு வேண்டும், பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். படகில் நாலு பேர் கூட இருப்பார்கள், இங்கே நீ தனி ஆள். உன்னை நம்பி ஊரில் ஒரு வீடு இருக்கிறது. குடியிருக்கிற கட்டடத்தின் பார்க்கிங்கில் எஞ்சின் வேலை பார்க்க விடுவார்களா என்று வாட்ச்மேனிடம் முதலில் கேட்டுக்கொள். வடித்த ஆயிலை மணலில் கொட்டாதே, அபராதம் விழும். கேனில் பிடித்து, ஆயில் மாற்றுகிற கடையில் கொடு.

கிராங்கின் பின் சீல் என்றால் கராஜ்தான், யோசிக்கவே வேண்டாம். சீல் விலை கொஞ்சம்தான், கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுகிற கூலிதான் பெரிய பணம். லேசாக ஈரம் கட்டுகிற அளவுதான் என்றால் வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பார்த்துக்கொண்டு, கையில் காசு சேரும்வரை ஓட்டலாம். ஆனால் வண்டிப் பதிவு அட்டையான முல்கியாவைப் புதுப்பிக்கப் போகும்போது டெஸ்டிங்கில் அடியில் பார்ப்பார்கள், அந்தத் தேதிக்கு முன்னால் முடித்துவிடு. கருகல் வாடையோ புகையோ வந்தால் ஆயில் சூடான சைலன்சர் குழாய் மேல் விழுகிறது என்று அர்த்தம், தீப்பிடிக்கலாம். அப்படி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதே. சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தாலும் அப்படித்தான், அங்கேயே ஓரங்கட்டி எஞ்சினை அணை.

கராஜுக்குப் போனால் துடைத்த பிறகு நீ எடுத்த போட்டோவைக் காட்டிப் பேசு. இரண்டு மூன்று இடத்தில் விலை கேள், கழற்றிய பழைய சாமானைக் கையில் கேள். மேனுவல் கியர் வண்டியானால் கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட்டையும் பார்க்கச் சொல். அது தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றிவிடு, இன்னொரு தடவை இறக்குகிற கூலி மிச்சம்.