தடுப்பூசி வதந்திகள்: மருத்துவரிடம் கேளுங்கள்

பொது சுகாதாரத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற மருத்துவர் வாசகர்களுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசியால் ஆட்டிசம் வருமென்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆராய்ச்சிக் கட்டுரையையே போட்டிருக்கிறார்கள், டாக்டர். எப்படி மறுப்பது?

பதில்: பெரும்பாலும் அது பிரிட்டன் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் சகாக்களும் 1998-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரையாக இருக்கும். ஆராயப்பட்டவர்கள் வெறும் 12 குழந்தைகள். தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்க முனைந்த தரப்பிடம் வேக்ஃபீல்டு பணம் பெற்றிருந்ததும், கட்டுரை சொல்வது குழந்தைகளின் மருத்துவக் குறிப்புகளோடு ஒத்துப்போகாததும் பின்னர் வெளிவந்ததால், 2010-இல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. பிரிட்டன் மருத்துவப் பதிவேட்டிலிருந்தும் அவர் பெயர் நீக்கப்பட்டது. லான்செட் தளத்தில் உள்ள படியில், திரும்பப் பெறப்பட்ட செய்தி பக்கத்தின் குறுக்கே சிவப்பு எழுத்தில் இருக்கும். உங்களுக்கு வந்த படியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியான ஆய்வு, இத்தடுப்பூசியால் ஆட்டிசம் கூடுவதில்லை என்றே காட்டியது. தேதி பார்க்காமல் எதையும் பகிராதீர்கள்.

கேள்வி: 2017-இல் பள்ளிகளில் போட்ட தட்டம்மை, ரூபெல்லா ஊசி மலட்டுத்தன்மை உண்டாக்கும் என்றார்களே?

பதில்: உண்டாக்காது. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் பிள்ளை காது கேளாமலும், கண்புரையோடும், இதயக் கோளாறோடும் பிறக்கக்கூடும். அதைத் தடுக்கவே அந்த ஊசி. வதந்தியை நம்பிப் பெற்றோர் பலர் மறுத்ததால் முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

கேள்வி: நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்ட மறுநாளே மயங்கி விழுந்தார். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

பதில்: 2021 ஏப்ரல் 15 அன்று, மக்களின் அச்சம் நீங்கட்டும் என்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் அவர் கோவாக்சின் போட்டுக்கொண்டார், 17-ஆம் தேதி அதிகாலை காலமானார். இதயத்தின் முக்கிய இரத்தக் குழாய் ஒன்று முழுமையாக அடைபட்டிருந்ததாகச் சிகிச்சை அளித்தவர்கள் கூறினர். அத்தகைய அடைப்புக்கு அடிப்படையான கொழுப்புப் படிவு ஆண்டுக்கணக்கில் சேர்வது. மாரடைப்பு அன்றாடம் நிகழும் ஊரில் இலட்சக்கணக்கானோருக்கு ஊசி போட்டால், குப்பியில் வெறும் உப்புநீர் இருந்தாலும் அவர்களில் சிலருக்கு இரண்டொரு நாளில் மாரடைப்பு வரத்தான் செய்யும்.

கேள்வி: விவேக் மரணத்துக்குக் காரணம் தடுப்பூசி அல்ல என்று சொன்ன குழு அரசுடையது. அதை எப்படி நம்புவது?

பதில்: நியாயமான ஐயம். ஆனால் அஸ்ட்ராஜெனகா (இங்கே கோவிஷீல்டு) கொரோனா தடுப்பூசியால் மிக அரிதாக இரத்தம் உறையக்கூடும் என்று அதே 2021 ஏப்ரலில் அறிவித்தவர்களும் ஐரோப்பாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள்தாம். அதை நம்பிப் பகிர்ந்தவர்களே, இக்குழு சொன்னதை மட்டும் விலைபோனவர்களின் பேச்சு என்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் படித்தவர்கள் சொன்னால் வாய்மூடிக் கேட்க வேண்டுமா?

பதில்: வேக்ஃபீல்டும் படித்த மருத்துவர்தான். அவருடைய முறைகேடுகளை வெளிக்கொணர்ந்த பிரையன் டீர் ஒரு பத்திரிகையாளர். ஆண்டுக்கணக்கில் ஆவணங்களைத் தேடிப் படித்து அதைச் செய்தார். அந்த உழைப்போடு யார் கேட்டாலும் மதிப்பேன். “டாக்டர்கள் எல்லாம் கமிஷன் ஏஜெண்டுகள்” என்று மூன்று நிமிடக் காணொளியில் சொல்வதைக் கேள்வி கேட்பதாக நான் எண்ணவில்லை.

கேள்வி: எம்.எம்.ஆர். போட்டால் ஆட்டிசம் வருமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஊசி போட்டபின் குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல்.

பதில்: இங்கே காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பெரியப்பா தினமும் இப்படி அனுப்புகிறார். குழுவிலேயே மறுத்தால் கோபிக்கிறார்.

பதில்: நாலு பேர் முன்னால் திருத்தினால் யாருக்கும் கோபம் வரும். தனியே தொலைபேசியில் அழைத்து, யார் சொன்னது, எப்போது சொன்னது என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கைகள் மாறி வந்தது என்றும் சொல்லுங்கள். தேதியை முதலில் கேளுங்கள்.