பனிக்குள் அந்தக் காலத்துக் காற்று

கேள்வி: எட்டு லட்சம் ஆண்டுகளுக்கு முன் காற்றில் கரியமில வாயு எவ்வளவு இருந்தது என்று துல்லியமாகச் சொல்கிறார்களே, அப்போது அளக்க யார் இருந்தார்கள்? வெறும் ஊகம்தானே?

பதில்: ஊகம் இல்லை. அந்தக் காலத்துக் காற்றையே எடுத்து அளக்கிறார்கள். இது எனக்குப் புரிந்த நாளில் வந்த வியப்பு இன்னும் அடங்கவில்லை.

அண்டார்டிகாவின் உட்பகுதியில் விழும் பனி உருகுவதில்லை. வருடா வருடம் மேலே விழும் பனியின் பாரத்தில் அடியில் உள்ளது இறுகுகிறது. சுமார் 50 முதல் 120 மீட்டர் ஆழத்தில் துகள்களின் இடைவெளிகள் மூடிக்கொள்ள, அங்கிருந்த காற்று குமிழிகளாக மாட்டிக்கொள்கிறது. மூடும்வரை மேற்காற்று உள்ளே வந்து போகும் அல்லவா? அதனால் குமிழியின் வயது, அதைச் சுற்றியுள்ள பனியின் வயதைவிடக் குறைவு. பனி குறைவாக விழும் இடங்களில் இந்த வித்தியாசம் சில ஆயிரம் ஆண்டுகள்கூட இருக்கும். இதையும் கணக்கில் சேர்த்துத்தான் தேதி குறிக்கிறார்கள்.

1965-ல் அண்டார்டிகாவில் இருந்த பிரெஞ்சு விஞ்ஞானி குளோட் லோரியஸ், துளையிட்டு எடுத்த பனித்துண்டு ஒன்றைத் தன் விஸ்கியில் போட்டார். அது உருக உருக, குமிழிகள் வெடித்து மேலே வந்தன. இது பழைய காற்றாயிற்றே என்று அவருக்குப் பொறி தட்டியது அங்கேதான்.

ஆய்வகத்தில் கரியமில வாயுவுக்காகப் பனியை உருக்குவதைத் தவிர்க்கிறார்கள். உருகிய நீரில் அந்த வாயு கரைந்து அளவு தப்பிவிடும். காற்று நீக்கிய கலத்துக்குள், உறைகுளிரிலேயே பனியை நொறுக்கி, வெளிவரும் காற்றைப் பிடிக்கிறார்கள்.

சரி, அதை எப்படி நம்புவது? அண்டார்டிகாவின் லா டோம் பகுதியில் பனி வேகமாகக் குவிவதால் அங்கே சமீப காலக் காற்றும் பனிக்குள் கிடைக்கிறது. அதன் அளவுகள், 1958 முதல் நேரடியாகக் காற்றில் எடுத்த அளவுகளோடு பொருந்துகின்றன. எனக்கு இதைவிட வலுவான சாட்சி தேவைப்படவில்லை.

டோம் சி என்ற இடத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் துளையிட்டு எடுத்த பனிதான் நீங்கள் கேட்ட எட்டு லட்சம் ஆண்டுக் கதையைச் சொல்கிறது. அவ்வளவு காலத்திலும் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 180 முதல் 300 பங்குக்குள்தான் கரியமில வாயு ஏறி இறங்கியிருக்கிறது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

2025 ஜனவரியில், அதன் அருகிலேயே ஐரோப்பியக் குழு ஒன்று 2,800 மீட்டர் ஆழம்வரை துளையிட்டு, 12 லட்சம் ஆண்டுகளுக்கும் பழைய பனியை எடுத்தது. அந்தக் குமிழிகள் சொல்லப்போவதற்குத்தான் காத்திருக்கிறேன்.