மாத்திரை வரிசையும் ராத்திரி அழைப்பும்: முகாம் நர்ஸ் கேள்வி பதில்

டிசம்பர் விடுமுறையில் தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலையடியில் பிள்ளைகள் முகாம் நடத்துவோரும், அங்கே நர்ஸாகப் போவோரும் கேட்டவை, அவரவர் ஊர்ப் பெயரோடு. பதில் சொல்பவர் குழந்தைகள் வார்டு சிஸ்டர்.

சாட்ஸ்வர்த், ஏற்பாட்டாளர்: சிஸ்டர், 120 பிள்ளைகள், ஏழு நாள். ஒரு நர்ஸ் போதுமா?

தலைக்கணக்கை விடுங்க தம்பி. காலையில் மருந்து சாப்பிடும் பிள்ளைகள் எத்தனை பேர்? 30 என்று வைப்போம். பெயர், மருந்து, அளவு சரிபார்த்து, விழுங்குவதைக் கண்ணால் பார்த்து, எழுதிக் கையெழுத்துப் போட ஆளுக்கு மூன்று நிமிடம். ஒன்றரை மணி நேரம் போச்சு. முழங்கால் சிராய்த்தவனும் வயிறு வலிக்கிறவளும் அதே நேரத்தில்தான் கதவில் நிற்பார்கள். ஒருவன் மாத்திரை இன்னொருவன் வாய்க்குப் போவது இந்த அவசரத்தில்தான். ஆகவே இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ரெஜிஸ்டர்ட் நர்ஸ், அதாவது முழுப் பயிற்சி பெற்றவர். மற்றவர் அவருக்குக் கீழே வேலை செய்யும் என்ரோல்ட் நர்ஸாக இருந்தாலும் சரி. இருவரும் நர்சிங் கவுன்சில் சான்றிதழை அந்த வருடத்துக்குப் புதுப்பித்திருக்கணும்.

வந்திறங்கும் நாள் கணக்கு வேறு. பிள்ளைக்கு நான்கு நிமிடம் என்றால் ஒரே மேசையில் எட்டு மணி நேரம். நான்கு மேசை போட்டால் இரண்டு. மூன்றில் தொண்டர்கள் உட்காரலாம். மருந்து, ஒவ்வாமை, ஆஸ்துமா உள்ள படிவங்கள் மட்டும் நர்ஸ் மேசைக்கு வரட்டும். எடையை அன்றே எழுதுங்க. பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி.; 24 கிலோ பிள்ளைக்கு 360 மி.கி., அதாவது 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் 15 மி.லி. வயதைக் கேட்டு ஊற்றினால் அளவு தப்பாகிவிடும்.

பீனிக்ஸ், நர்ஸ்: பகலும் நான், ராத்திரியும் நான் என்கிறார்கள். சட்டம் என்ன சொல்லுது அக்கா?

வேலைநிலைமைச் சட்டப்படி இரண்டு வேலைநாளுக்கு இடையில் தொடர்ந்து 12 மணி நேர ஓய்வு உண்டு. ஆனால் தர்ம காரியத்துக்குச் சம்பளமில்லாமல் போகிறவர்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. கோயில் முகாம்களில் பலர் மாட்டிக்கொள்வது இதில்தான். அதனால் ஒப்புக்கொள்ளும் முன்பே ஒருநாள் விட்டு ஒருநாள் ராத்திரி என்று எழுதி வாங்கு. எதற்கு எழுப்பணும் என்ற பட்டியலை விடுதித் தலைவர்களிடம் கொடு: மூச்சுத்திணறல், வலிப்பு, தலையில் அடி, நிற்காத வாந்தி. கொசுக்கடிக்கும் வீட்டு ஏக்கத்துக்கும் விடியட்டும்.

வெருலம்: கவனக்குறைவுக்குக் கொடுக்கும் ரிட்டலின் மாத்திரையைப் பிள்ளையின் பையிலேயே விடலாமா?

கூடாது. அது ஆறாம் அட்டவணை மருந்து, அதாவது கடுமையான கட்டுப்பாடு உள்ளது. மருந்துக்கடை லேபிளோடு வாங்கி, பெற்றோர் முன்னால் எண்ணி, பூட்டி வை. திருப்பிக் கொடுக்கும்போதும் எண்ணு. ஆஸ்துமா பம்ப் மட்டும் பிள்ளையோடே இருக்கட்டும்.

பீட்டர்மரிட்ஸ்பர்க்: ஒரே அறையில் இரண்டு பேர் வாந்தி எடுத்தால்?

தொற்று என்றே நினை. தனி அறை, தனிக் கழிப்பறை, வாந்தி பேதி நின்று 48 மணி நேரம் வரை. ஒரு லிட்டர் தண்ணீரில் 30 மி.லி. ஜிக் (ப்ளீச் திரவம்) கலந்து துடைக்கணும். கைக்கு சோப்புதான், சானிடைசரை நம்பாதே. குடிக்க, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தட்டையாக எட்டு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒரு நர்ஸ் அந்த அறையிலேயே முடங்கிவிடுவார்; இரண்டாவது ஆள் கேட்டதற்கு இதுவும் காரணம்.

டோங்காட்: ஆம்புலன்ஸில் நர்ஸ் கூடப் போகணுமா?

ஆம்புலன்ஸில் அவர்கள் ஆட்கள் உண்டு. பிள்ளையின் படிவ நகலோடு ஒரு தலைவர் போகட்டும், நர்ஸ் முகாமில் இருக்கட்டும். அழைக்க 10177, செல்போனில் 112. மலையடியில் எந்த மூலையில் சிக்னல் கிடைக்குது என்று முதல் நாளே நடந்து பார்த்து வை.