மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்கு எந்த மேஸ்திரி?

கேள்வி: திருவல்லிக்கேணியில மாமனார் காலத்து வீடுங்க, கட்டி எண்பது வருஷத்துக்கு மேல ஆகுது. கூடத்துல தேக்கு உத்தரம், அதுக்கு மேல செங்கல் அடுக்கின தளம். ஐப்பசி மழைக்கு ரெண்டு இடத்துல ஒழுகுது, சுவர் அடியில உப்பு பூத்து பூச்சு உதிருது. மூணு பேரை கூப்பிட்டு காமிச்சேன். ஒருத்தர் ஒன்றரை லட்சம்ங்கறார், இன்னொருத்தர் நாலு லட்சம்ங்கறார், மூணாவது ஆள் தளத்தையே இடிச்சிட்டு காங்கிரீட் போட்டுடலாம்மாங்கறார். மூணு பேருமே பாதி பணம் அட்வான்ஸ் கேக்கறாங்க. வீட்டுக்காரர் இல்ல, பையன் வெளியூர்ல இருக்கான். யாரை நம்பறதுன்னே தெரியலைங்க.

பதில்: அம்மா, அந்த மூணு தொகையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்காதீங்க, மூணு பேரும் ஒரே வேலைக்கு விலை சொல்லல. ஒருத்தர் மேல கெமிக்கல் அடிக்கிறதுக்கு சொல்லியிருப்பார், ஒருத்தர் மாடியில பதிச்சிருக்கற தட்டை ஓட்டை, அதாவது தட்டோட்டை, பேத்து மறுபடி பதிக்கறதுக்கு சொல்லியிருப்பார். முதல்ல என்ன வேலைங்கறது முடிவாகணும்.

உங்க வீட்டு தளத்துக்கு பேரு மெட்ராஸ் டெரஸ். உத்தரம், அது மேல சட்டம், அது மேல சின்ன மெல்லிசு செங்கல்லை மூலைவாட்டா நிறுத்தி சுண்ணாம்புல ஒட்டி, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி கட்டையால அடிச்சு இறுக்கி, கடைசியா தட்டோடு. கூடத்துல சொட்டுற இடத்துக்கு நேர் மேலதான் ஓட்டைன்னு சொல்ல முடியாது, மாடியில விழற மழைத்தண்ணி வெளிய போற தண்ணி வாய் பக்கமா இறங்கியிருக்கலாம், கைப்பிடிச்சுவர் தளத்தோட சேர்ற மூலையில விரிசல் இருக்கலாம், உள்ளயே ஓடி வந்து வேற இடத்துல சொட்டும். அதைவிட முக்கியம், உத்தரத்தோட முனை சுவருக்குள்ள புதைஞ்சிருக்கும் பாருங்க, அங்க ஈரம் போச்சுன்னா மரம் உளுத்துப்போகும், கரையானும் ஏறும், வெளிய பாத்தா பெயிண்ட் அழகா இருக்கும். அதனால உங்களை கேக்கறேன், வந்த மூணு பேர்ல யாராவது மொட்டை மாடிக்கு ஏறினாங்களா? ஏணி போட்டு உத்தரத்து முனையில ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாத்தாங்களா? கூடத்துல நின்னு அண்ணாந்து பாத்துட்டு தொகை சொன்னவர் யாரா இருந்தாலும் அவர் வேண்டாம்.

இடிக்கலாம்னு சொன்னவர்கிட்ட, காங்கிரீட் போட்டா இந்த சுண்ணாம்பு சுவர் எப்படி தாங்கும், பக்கத்து வீட்டோட பொதுச்சுவர் எதுன்னு பாத்தீங்களான்னு கேளுங்க. ரெண்டு உத்தரம் கெட்டதுக்காக மொத்த தளத்தையும் இடிக்க வேண்டியதில்ல, கெட்டதை மட்டும் முட்டு குடுத்து மாத்தலாம்.

சுவர் விஷயத்துல நான் பட்டதை சொல்றேன். மயிலாப்பூர்ல எங்க அப்பா வீட்டுல உப்பு பூத்த சுவரை கொத்திட்டு சிமெண்ட் பூசினோம், மேஸ்திரி இனிமே கவலையே இல்லைன்னார், ரெண்டே மழைக்காலம், பூச்சு பலகை பலகையா பேந்து செங்கல்லோட முகத்தையும் சேத்து இழுத்துட்டு வந்துடுச்சு. பழைய சுவர் தரையில இருந்து ஈரத்தை இழுக்கும், சுண்ணாம்புப் பூச்சா இருந்தா அது வழியா ஈரம் வெளிய போயிடும், சிமெண்ட் வழியை அடைக்கறதால ஈரம் இன்னும் மேல ஏறும். அப்பா ஆசையா வச்சிருந்த சுவர்ங்க அது, இன்னைக்கும் நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு.

அதனால மேஸ்திரியை பாத்ததும், சுண்ணாம்பு வேலை பண்ணியிருக்கீங்களா, எத்தனை நாள் ஊற வைப்பீங்கன்னு கேளுங்க. தெரிஞ்சவரா இருந்தா ஊற வைக்கறது, சலிக்கறது, கடுக்காய் வெல்லத் தண்ணி, சுருக்கிங்கற செங்கல் பொடின்னு தானா பேச ஆரம்பிச்சுடுவார். அதெல்லாம் இப்ப யாரும்மா பண்றாங்கன்னு சொன்னா டீ குடுத்து அனுப்பிடுங்க. போன மாசம் முடிச்ச வீட்டை காமிச்சா ஒத்துக்காதீங்க, எந்த வேலையும் புதுசுல நல்லாத்தான் இருக்கும், ரெண்டு மூணு மழை பாத்த வீட்டை காமிக்க சொல்லுங்க, அவர் இல்லாதப்ப அந்த வீட்டு அம்மாகிட்ட தனியா பேசுங்க.

அதுக்கு முன்னாடி, வேலை எடுக்கறவருக்கு சம்பந்தமில்லாத ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு ஃபீஸ் குடுத்து வீட்டை காமிச்சு, என்னென்ன வேலைன்னு எழுதி வாங்கிடுங்க. அதே பேப்பரை எல்லாருக்கும் குடுத்து விலை கேளுங்க, அப்பதான் தொகையை ஒப்பிட முடியும். எத்தனை சதுரம், சுண்ணாம்பா சிமெண்டா, சாரம் யார் செலவு, இடிச்ச ரப்பிஷை யார் எடுக்கறதுன்னு எல்லாம் அதுல இருக்கணும். பழைய வீட்டுல கொத்தினதுக்கு அப்புறம்தான் சில கோளாறு தெரியும், அது மேஸ்திரி தப்பு இல்ல, அந்த மாதிரி எக்ஸ்ட்ரா வேலைக்கு நாள் கூலி எவ்வளவுன்னு முதல்லயே பேசிடுங்க.

பாதி பணம் அட்வான்ஸ் குடுக்கவே குடுக்காதீங்க. பத்துல ஒரு பங்கு குடுங்க, மீதி வேலை முடிய முடிய. கடைசி ஒரு பங்கை அடுத்த மழை வரைக்கும் நிறுத்தி வைக்கறதா எழுதிக்கங்க. பணம் பேங்க் வழியாவே போகட்டும், நாளைக்கு தகராறுன்னா கன்ஸ்யூமர் கோர்ட்ல காமிக்க அதுதான் ஆதாரம், ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் குடுக்கணும், கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணினாலே வழி சொல்லுவாங்க.

யாரையும் முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்த தண்ணி வாயை மட்டும் சரி பண்ண குடுத்துப் பாருங்க, ரெண்டு நாள் வேலைதான், சொன்ன நேரத்துக்கு வர்றாரா, கணக்கு சரியா சொல்றாரான்னு அதுலயே தெரிஞ்சுடும். பெரிய வேலையை தை பொறந்ததும் ஆரம்பிங்க, சுண்ணாம்பு மெதுவாத்தான் இறுகும், ஐப்பசிக்குள்ள காயணும்.

கேள்வி: ராயபுரத்துல பழைய வீடு சார், லேபர் கான்ட்ராக்ட் நல்லதா, மெட்டீரியலோட குடுக்கறது நல்லதா?

பதில்: தம்பி, பகல்ல வீட்டுல யாராவது இருப்பாங்கன்னா லேபர் மட்டும் குடுத்துட்டு சாமான் நீங்களே வாங்குங்க, பூச்சுக்கு எம்-சாண்ட், அதாவது கட்டு வேலைக்கான கல் உடைச்ச மணல், வந்தா திருப்பி அனுப்பிட்டு பூச்சுக்குன்னே நைசா வர்ற பி-சாண்ட் கேளுங்க. ஆள் இல்லைன்னா மெட்டீரியலோட குடுங்க, ஆனா சிமெண்ட், பைப், ஒயர் என்ன பிராண்டுன்னு எழுதி கையெழுத்து வாங்கிட்டு குடுங்க.